வொறண்டி முடிஞ்ச பிறகு என்ஜின் போனால்: ஹெட்டைக் கழட்ட முதல் செய்ய வேண்டியது

தம்பி, நீங்கள் எழுதினதை மற்ற ஆக்களுக்கும் விளங்கிறதுக்கு முதல்ல சுருக்கமா திருப்பிச் சொல்லுறன். 2012 பிரியஸ், நுகேகொடப் பக்கம் ஒரு கார் சேல்ல எடுத்தது, என்ஜினுக்கும் கியர்பொக்ஸுக்கும் ரெண்டு மாச வொறண்டி எண்டு கடிதத்தில அடிச்சுக் குடுத்திருக்கிறாங்கள். ரெண்டு மாசம் முடிஞ்சு பத்து நாளில காலிக்குப் போற வழியில அதிவேகப் பாதையில சிவப்பு லைட் பத்தி, என்ஜின் உதறி, கெரியர்ல ஏத்திக்கொண்டு வந்திருக்கிறீங்கள். கராஜ்காரர் ஹெட் கஸ்கட் (என்ஜின்ர மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான புளொக்குக்கும் நடுவில இருக்கிற தகடு) போட்டுது, என்ஜினையே மாத்துறது நல்லம், பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையளில எடுத்துத் தாறன் எண்டுறார். கார் சேல்காரர் வொறண்டி முடிஞ்சுது, இனி எங்களுக்குச் சம்பந்தமில்லை எண்டுறார். காசு திரும்ப வாங்கலாமா, என்ஜின் மாத்துறதா செய்யிறதா, இல்லாட்டி இப்பிடியே வித்துப்போட்டுத் தப்புறதா எண்டு கேக்கிறீங்கள்.

இதுக்கு நடுவில ஒரு வரியைச் சும்மா எழுதிப்போட்டுப் போயிருக்கிறீங்கள். வாங்கி மூண்டு கிழமையில காலமை ஸ்டார்ட் பண்ணேக்க கார் கொஞ்சம் உதறினது, கார் சேலுக்கு வட்ஸ்அப்பில கேட்டதுக்கு "ஹைபிரிட் எண்டால் அப்பிடித்தான், பயப்பிடாதேங்கோ" எண்டு வொய்ஸ் மெசேஜ் வந்தது எண்டு. நீங்கள் எழுதினதிலேயே காசுப் பெறுமதி உள்ள வரி அதுதான்.

இப்ப முதல் வேலை, கராஜுக்கு கோல் எடுத்து ஒண்டையும் கழட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஸ்கான் மெஷினால கோட் (கார் கம்ப்யூட்டர் பதிஞ்சு வைச்சிருக்கிற பழுதுக் குறியீடு) அழிக்கவும் வேண்டாம், சின்னப் பற்றரியின்ர வயரையும் கழட்ட வேண்டாம். ஏன் எண்டு கீழ எழுதுறன், கோலை முதல்ல எடுங்கோ.

நான் முதல்ல கராஜிலயும் பிறகு கன காலம் இன்சூரன்ஸ் அசெஸ்மென்ட் பக்கமும் வேலை செய்த ஆள், அதால ரெண்டு பக்கத்தார்ர கதையும் தெரியும். வாங்கினவர் "என்ஜின் திடீரெண்டு போட்டுது" எண்டு சொல்லுவார், வித்தவர் "திகதி முடிஞ்சுது" எண்டு சொல்லுவார். ரெண்டு பேரும் கதைக்கிறது என்ஜின் நிண்ட நாளைப் பற்றி. ஆனா இந்த மாதிரி என்ஜின் ஒரு நாளில போறேல்ல, பழுது தொடங்கின நாள் வேற, நடுரோட்டில நிண்ட நாள் வேற, அந்த ரெண்டு நாளுக்கும் நடுவில எத்தினை மாசம் இருந்தது எண்டதை என்ஜினே சொல்லும், ஹெட்டைக் கழட்டித் துடைச்சு மேசையில வைக்காத வரைக்கும்.

உங்கட கார்ல என்ன நடந்திருக்கும் எண்டு கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டா இது விளங்காட்டி கராஜ்லயும் ஏமாறுவீங்கள், கார் சேல்லயும் ஏமாறுவீங்கள்.

2009ல இருந்து 2015 வரைக்கும் வந்த மூண்டாம் தலைமுறை பிரியஸ்ல இருக்கிறது 1.8 லீற்றர் என்ஜின், 2இசட்ஆர்-எஃப்எக்ஸ்ஈ எண்டு பேர். நல்ல என்ஜின்தான், இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா இதில ஒரு பலவீனம் இருக்கு, உலகம் முழுக்கத் தெரிஞ்சது. சைலன்சருக்குப் போற புகையில ஒரு பங்கைத் திருப்பி எடுத்து, ஒரு கூலருக்குள்ளால விட்டுக் குளிராக்கி, மறுபடி என்ஜினுக்குள்ள விடுற ஒரு ஏற்பாடு இருக்கு, ஈஜிஆர் எண்டு சொல்லுவாங்கள். எரியிற இடத்தில சூட்டைக் குறைக்கத்தான் அது. காலம் போகப் போக அந்தக் கூலருக்குள்ள விறகடுப்புச் சட்டிக்கு அடியில பிடிக்கிற மாதிரிக் கரி பிடிச்சு வழி அடைச்சுப்போடும். அதுக்குப் பிறகு இன்டேக் மனிஃபோல்ட்ல, அதாவது சிலிண்டருகளுக்குக் காத்துப் போற குழாயில, இருக்கிற சின்ன ஓட்டையள் ஒவ்வொண்டா அடைபடும், ஒரு சிலிண்டருக்குப் புகை கூடப் போகும், இன்னொண்டுக்குப் போகவே போகாது, சூடு சமமில்லாமல் ஏறும். கொழும்பு ஓட்டம் இதுக்கு நல்லாத் தோது, வெள்ளவத்தையில இருந்து கொள்ளுப்பிட்டிக்கு ஊர்ந்து போய், என்ஜின் சூடாகி முடிய முதலே நிப்பாட்டி, பின்னேரம் திரும்ப அதே கதை.

அந்தச் சூட்டைக் கன காலம் தாங்கித் தாங்கி ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில இருக்கிற கஸ்கட் ஒரு இடத்தில விட்டுக்குடுக்கும். தொடக்கத்தில மயிர் அளவுதான். காரை ஓடி நிப்பாட்டினாப் பிறகு கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிராக்கிற தண்ணி, சூட்டோட அமுக்கத்தில இருக்கும்தானே, அப்ப அந்த வெடிப்புக்குள்ளால துளித்துளியா சிலிண்டருக்குள்ள இறங்கும். இரவிரவா இறங்கும். விடிய ஸ்டார்ட் பண்ணேக்க அந்தச் சிலிண்டர் ஒழுங்கா எரியாமல் சில செக்கன் உதறும், தண்ணி ஆவியாப் போனதும் நிண்டுடும், பிறகு நாள் முழுக்க ஒண்டுமே இல்லாத மாதிரி ஓடும். நீங்கள் மூண்டாம் கிழமை பார்த்த உதறல் பெரும்பாலும் இதுதான். "ஹைபிரிட் எண்டால் அப்பிடித்தான்" எண்டது முழுப் பொய், நல்ல பிரியஸ் காலமை ஸ்டார்ட் பண்ணேக்க உதறாது.

இன்னொரு விஷயம், இந்தக் கார்ல சூடு காட்டுற முள்ளு இல்லை. பழைய கொரோலால முள்ளு ஏறுறதைப் பார்த்து ஓரம் கட்டலாம், இதில சிவப்பு லைட் பத்தினாப் பிறகுதான் தெரியும், அப்ப என்ஜின் ஏற்கனவே கொதிச்சுப்போயிருக்கும். அதால "சூடு ஏறினதைக் கவனிக்காமல் ஓடினனீங்கள்" எண்டு கார் சேல்காரர் சொன்னா அதை அப்பிடியே ஏத்துக்கொள்ளாதேங்கோ. சிவப்பு லைட் பத்தின பிறகு எவ்வளவு தூரம் ஓடினீங்கள் எண்டதுதான் கேள்வி, நீங்கள் உடன ஓரம் கட்டினது எண்டு எழுதியிருக்கிறீங்கள், நல்லது, கெரியர்காரர்ர பில்லையும் எக்ஸ்பிரஸ்வே டிக்கெற்றையும் வைச்சிருங்கோ, நேரம் அதில இருக்கும்.

சரி, ஹெட்டைக் கழட்டாமல் என்ன பார்க்கலாம் எண்டால், கன விஷயம் பார்க்கலாம். கூலன்ட் போத்திலைத் திறந்து உள்ளுக்குப் பாருங்கோ, ஃபோட்டோ எடுங்கோ. டொயோட்டா கூலன்ட் ரோஸ் நிறம். அதில மண் மாதிரி, பளபளக்கிற தூள் மாதிரி, பிசின் மாதிரி ஏதும் ஒட்டியிருந்தால் ஆரோ லீக் அடைக்கிற மருந்து ஊத்தியிருக்கிறாங்கள் எண்டு அர்த்தம், நீங்கள் ஊத்தேல்ல எண்டால் ஆர் ஊத்தினது? வெறும் பைப் தண்ணி மாதிரி வெளிறி இருந்தால் கன நாளா நிரப்பி நிரப்பி ஓடின வண்டி. அதுக்குப் பிறகு ரேடியேட்டருக்கு பம்ப் வைச்சு அமுக்கம் குடுத்துச் சில மணித்தியாலம் விட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டி அந்த ஓட்டையால சின்னக் கமராவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. நாலு பிஸ்டனில மூண்டு கறுப்பாயும் ஒண்டு மட்டும் மினுக்கி வைச்ச மாதிரி வெளிச்சமாயும் இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள்ள தண்ணி இறங்கி ஆவி கழுவியிருக்கு. ஒரு நாளில அப்பிடிக் கழுவுப்படாது, அதுதான் இதில முக்கியம். அந்த வீடியோவைத் திகதியோட எடுத்து வைச்சால் அதை விட நல்ல சாட்சி இல்லை. கம்ப்ரெஷன் டெஸ்ட், நீலத் தண்ணியை ரேடியேட்டர் வாயில வைச்சு மஞ்சளா மாறுதா எண்டு பார்க்கிற டெஸ்ட், இதுகளும் செய்யலாம், நீலம் மஞ்சளானால் எரிஞ்ச வாயு கூலன்டுக்குள்ள வருது.

இப்ப ஸ்கான் மெஷின் கதைக்கு வாறன். கராஜ்ல பொதுவா "கோட் என்ன, பி 0301" (முதலாம் சிலிண்டர் ஒழுங்கா எரியேல்ல எண்ட கோட்) எண்டு பார்த்திட்டு அழிச்சுப்போடுவாங்கள், அது ஒரு பழக்கம். அழிக்க முதல் ரெண்டு விஷயம் எடுக்க வேணும். ஒண்டு ஃபிரீஸ் ஃபிரேம், அந்தப் பழுது பதிஞ்ச நேரம் கூலன்ட் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு எண்டு கம்ப்யூட்டர் தானா எழுதி வைச்சிருக்கும். மற்றது, "கோட் அழிச்ச பிறகு ஓடின தூரம்" எண்டு ஒரு கணக்கு உள்ளுக்கு இருக்கு, நல்ல ஸ்கானர் எண்டால் லைவ் டேட்டாவில காட்டும். நீங்கள் வாங்கினதில இருந்து 3,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறீங்கள், அந்தக் கணக்கு 3,050 காட்டுது எண்டு வைச்சுக்கொள்ளுவம், அப்ப உங்களுக்குக் காரைக் காட்டுறதுக்குக் கொஞ்சம் முதல் ஆரோ மெஷின் போட்டுக் கோட் அழிச்சிருக்கிறாங்கள். இது ஒண்டே தீர்ப்பு இல்லை, சின்னப் பற்றரி மாத்தினாலும் அந்தக் கணக்கு பூச்சியத்துக்குப் போகலாம், ஆனா கூலன்ட் போத்திலில மருந்து, ஒரு பிஸ்டன் மட்டும் வெளிச்சம், உங்கட வட்ஸ்அப் எல்லாத்தையும் சேர்த்து வைச்சால் கதை வேற மாதிரிப் போகும். இப்ப விளங்குதா ஏன் பற்றரி வயரைக் கழட்ட வேண்டாம் எண்டன் எண்டு.

இதை எல்லாம் உங்கட கராஜ்காரர் மட்டும் பார்த்தாக் காணாது. அவர் என்ஜின் விக்கப் போற ஆள், கார் சேல்காரர் அதைத்தான் முதல்ல சொல்லுவார். இன்சூரன்ஸ் கொம்பனிகளுக்கு அறிக்கை எழுதுற அசெஸர்மார், ஓட்டோமொபைல் எஞ்சினியர்மார் வெளியில இருக்கிறாங்கள், ஒருத்தரைப் பிடிச்சு கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவருக்கு முன்னால இந்த டெஸ்டுகளைச் செய்வியுங்கோ. காருக்கு சேசி நம்பர், என்ஜின் நம்பர், மீற்றர், திகதி எல்லாம் போட்டு ஒரு பக்கம் ரிப்போட், "இந்தப் பழுது படிப்படியா வந்தது" எண்டு அவருக்குத் தோன்றினால் அந்த வசனத்தையும் எழுதச் சொல்லுங்கோ. அதே நாளுக்கு கார் சேலுக்கும் அறிவியுங்கோ, "இத்தனையாம் திகதி இத்தனை மணிக்கு என்ஜின் பார்க்கிறம், நீங்களும் ஆள் அனுப்பலாம்" எண்டு வட்ஸ்அப்பிலயும் பதிவுத் தபாலிலயும். வரமாட்டாங்கள், பரவாயில்லை, கூப்பிட்டது பதிவில இருக்க வேணும், பிறகு "நாங்கள் பார்க்க முதலே கழட்டிப்போட்டினம்" எண்டு சொல்ல ஏலாது.

காசு கேக்கிற விஷயத்தில உங்களுக்கு ஒரு கணக்கு தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கு. வொறண்டி ரெண்டு மாசம் முடிஞ்சுது, சரி. ஆனா 2003ம் ஆண்டு 9ம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில, வித்த சாமான் சொன்ன உத்தரவாதத்துக்கு ஏத்த மாதிரி இல்லை எண்டு முறைப்பாடு குடுக்கிறதுக்கு வித்த நாளில இருந்து மூண்டு மாசம் இருக்கு, எழுத்தில குடுக்க வேணும். வாய்விட்டுச் சொன்ன உத்தரவாதம் மட்டுமில்லை, விக்கிற நேரமே உள்ளடங்கி வாற உத்தரவாதமும் அதில சேரும். நீங்கள் வாங்கி ரெண்டு மாசமும் பத்து நாளும் எண்டால் இன்னும் மூண்டு கிழமைக்குக் கிட்டத்தான் இருக்கு, கார் சேல்காரர் "அடுத்த கிழமை முதலாளி வருவார், கதைப்பம்" எண்டு இழுக்கிறது சும்மா இல்லை. முறைப்பாட்டை கொழும்பு 2 வொக்ஸ்ஹோல் வீதியில இருக்கிற தலைமை அலுவலகத்திலயே குடுக்கலாம், 1977க்கு எடுத்தால் என்ன என்ன கடதாசி வேணும் எண்டு சொல்லுவாங்கள். விசாரணைக்கு ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு, நட்டம் வந்தது உண்மை எண்டு கண்டால் நட்டஈடோ, மாத்திக் குடுக்கிறதோ, காசைத் திருப்பிக் குடுக்கிறதோ எண்டு ஓடர் போட அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. ரிப்போட் வரும் வரைக்கும் காத்திராதேங்கோ, முறைப்பாட்டை இப்பவே குடுங்கோ, ரிப்போட்டைப் பிறகு சேர்க்கலாம்.

இது வியாபாரியிட்ட வாங்கினபடியாத்தான். தனி ஆளிட்ட, உதாரணத்துக்குப் பக்கத்து வீட்டு அங்கிளிட்ட வாங்கியிருந்தால் இந்தப் பாதை இல்லை. அதே மாதிரி 1896ம் ஆண்டுப் பண்டங்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலயும் அந்த வகைச் சாமானை விக்கிறதையே தொழிலா வைச்சிருக்கிற ஆளிட்ட வாங்கினால்தான் சாமான் விக்கத்தக்க தரத்தில இருக்க வேணும் எண்ட நிபந்தனை தானா வரும். அதுக்குள்ளயும் ஒரு கொக்கி இருக்கு, வாங்குறவர் சாமானைப் பார்த்து வாங்கினால், பார்த்ததில தெரிஞ்சிருக்க வேண்டிய குறைக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. "நீங்கள் மெக்கானிக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தனீங்கள்தானே" எண்டு அவங்கள் கேப்பாங்கள். அதுக்கு மறுமொழி, கஸ்கட் மயிர் அளவு விட்டது என்ஜின் சூடா இருக்கேக்க வெளியில இருந்து பார்த்துத் தெரியிற குறை இல்லை. ஞாபகப்படுத்திப் பாருங்கோ, நீங்கள் பார்க்கப் போன நேரம் என்ஜின் ஏற்கனவே சூடா இருந்ததா? விக்கிற ஆக்கள் ஆள் வர முதலே ஸ்டார்ட் பண்ணி ஒரு சுத்து ஓடி வைக்கிறது பழைய வித்தை. கடிதத்தில "உள்ளது உள்ளபடி" எண்டு ஒரு வசனம் இருந்தாலும் உடன மனசு விடாதேங்கோ, 1997ல வந்த நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் எண்டு ஒண்டும் இருக்கு, அதை லோயர் பார்த்துச் சொல்லட்டும்.

அதோட உங்கட வொறண்டிக் கடிதத்தை வரிவரியா வாசியுங்கோ. "இந்தக் காலத்துக்குள் ஏற்படும் பழுது" எண்டு இருக்கா, "இந்தக் காலத்துக்குள் அறிவிக்கப்படும் பழுது" எண்டு இருக்கா. எந்த மாதிரி இருந்தாலும் உங்களுக்கு நல்லம், ஏனெண்டா உதறல் வந்ததும் அறிவிச்சதும் ரெண்டும் ரெண்டு மாசத்துக்குள்ளதான், அந்த வொய்ஸ் மெசேஜ்தான் அதுக்குச் சாட்சி. அதை உடன வேற ஒரு போனுக்கும் மெயிலுக்கும் அனுப்பி வையுங்கோ, சட் முழுக்க எக்ஸ்போர்ட் பண்ணி வையுங்கோ. இக்மன்லயோ ரியசெவனவிலயோ அவங்கள் போட்ட விளம்பரம் இன்னும் இருந்தால் அதையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ, "என்ஜின் நூறு வீதம்" மாதிரி ஏதும் எழுதியிருப்பாங்கள், மீற்றர் எவ்வளவு போட்டிருக்கு எண்டதும் பாருங்கோ. மீற்றரில சந்தேகம் இருந்தால் ஜப்பான் எக்ஸ்போர்ட் சர்ட்டிபிகேற் கொப்பி கேளுங்கோ, அங்க கடைசியா செக் பண்ணேக்க எவ்வளவு ஓடியிருந்தது எண்டு அதில இருக்கும், இங்க வந்த பிறகு குறைச்சதா இல்லையா எண்டு கணக்குப் பார்க்கலாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? முழுக் காசும் வரும் எண்டு நான் சொல்லமாட்டன். என்ர அபிப்பிராயம், இப்பிடிச் சாட்சி இருக்கிற வழக்குகள் கோட்டுக்குப் போக முதலே, லோயர் கடிதம் ஒண்டு போனதும், இல்லாட்டி மத்தியஸ்த சபையிலயோ அதிகார சபையிலயோ ரெண்டு பேரும் மேசையில இருந்ததும், செலவில பாதி எண்ட இடத்துக்கு வரும். பாதி கிடைச்சால் எடுங்கோ. ஆனா "எங்கட கராஜுக்கு அனுப்புங்கோ, நாங்கள் செய்து தாறம்" எண்டு சொன்னால் மட்டும் கவனம், என்ன சாமான் போடுவாங்கள், எவ்வளவு காலத்துக்கு உத்தரவாதம் எண்டு எழுதித் தராட்டி அனுப்பாதேங்கோ, கஸ்கட்டை மட்டும் மாத்தி மூடித் தந்தால் நாலு மாசத்தில திரும்ப இதே இடத்தில நிப்பீங்கள், அப்ப கையில சாட்சியும் இருக்காது. இன்சூரன்ஸ் எண்டு கேட்டீங்கள், ஃபுல் இன்சூரன்ஸ் எண்டாலும் இயந்திரப் பழுது அதில வராது. வெள்ளத்தில தண்ணி ஏறி என்ஜின் போனதெண்டால் வேற கதை, அதுக்கு வெள்ளக் காப்பு எடுத்திருக்க வேணும். சொன்னாப்போல, 2016 மே மாசம் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கின கார்கள் கனக்கப் பிறகு கழுவித் துடைச்சுச் சந்தைக்கு வந்தது, அந்த மாதிரிக் கார் எண்டால் சீட் ரெயிலுக்கு அடியிலயும் பெல்ட்டை முழுசா இழுத்தால் கடைசி முனையிலயும் சேறு காட்டிக் குடுக்கும், உங்கட காரிலயும் ஒருக்காப் பார்த்து வையுங்கோ.

இனி செய்யிறதா மாத்திறதா. இதுக்கு மறுமொழி டெஸ்ட் சொல்லும், கராஜ்காரர் சொல்லேலாது. கஸ்கட் மட்டும் போனது, ஹெட் வளையேல்ல, புளொக் நல்லம் எண்டால் செய்யிறதுதான் சரி. ஹெட் அலுமினியம், கொதிச்சால் வளையும், லேத்துக்குக் குடுத்து முதல்ல வெடிப்பு இருக்கா எண்டு பிரஷர் டெஸ்ட், பிறகு மட்டம் பார்த்துக் கொஞ்சம் சீவி எடுப்பாங்கள். புளொக்கின்ர மேல்பக்கத்தையும் மட்டம் பார்க்க வேணும், அதைக் கன பேர் விட்டுப்போடுவாங்கள். ஹெட் போல்ட் எல்லாம் புதுசு போட வேணும், ஒருக்கா இறுக்கினால் நீளுற போல்ட் அது, பழசையே திருப்பி இறுக்கினால் பிடி காணாது. கஸ்கட் ஜெனுவின் எடுங்கோ, இந்த ஒரு சாமானில மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மற்ற நிலைமை, கொன்ரொட், அதாவது பிஸ்டனைக் கீழ இருந்து தாங்குற தண்டு, வளைஞ்சிருக்கிறது. சாதாரணக் கார்ல சிலிண்டருக்குள்ள தண்ணி நிறைஞ்சால் ஸ்டார்ட்டர் மோட்டர் திணறி நிண்டுடும். பிரியஸ்ல ஸ்டார்ட்டர் இல்லை, எம்ஜி1 எண்ட பெரிய மோட்டர்தான் என்ஜினைச் சுத்துறது, அதுக்கு பலம் கூட, தண்ணி அமத்துப்படாதுதானே, ரொட் வளைஞ்சுபோடும். அப்பிடி எண்டால் கீழ இருந்து டக் டக் எண்டு சத்தம் கேக்கும், பிளக் ஓட்டையால அளந்து பார்த்தால் அந்தப் பிஸ்டன் மேல வாற உயரம் மற்றதை விடக் குறைவா இருக்கும். அந்த நிலையில கஸ்கட் வேலை செய்யிறது காசைத் தண்ணியில போடுறது, என்ஜின் மாத்திறதுதான். மூண்டாவது ஒரு நிலைமையும் இருக்கு, கரண்ட் வோட்டர் பம்ப் வேலை செய்யாமல் போய் அதால கொதிச்சிருக்கலாம். இந்தக் கார்ல வோட்டர் பம்ப் பெல்ட்டில ஓடுறேல்ல. பம்ப் திடீரெண்டு அண்டைக்குத்தான் போனது எண்டால், நேர்மையாச் சொல்லுறன், கார் சேல்காரர்ர பக்கமும் கொஞ்சம் நியாயம் வரும். அதாலதான் காரணம் முதல்ல தெரிய வேணும் எண்டு தலைப்பாடா அடிச்சுக்கொள்ளுறன்.

பஞ்சிகாவத்தைக்குப் போறதெண்டால் நீங்களும் போங்கோ, கராஜ்காரரை மட்டும் விடாதேங்கோ. அங்க வாற என்ஜின் எல்லாம் ஜப்பானில கழட்டினது எண்டு சொல்லுவாங்கள், சிலது இங்க அடிபட்ட வண்டியில இருந்து வந்தது, ரெண்டிலயும் நல்லதும் இருக்கு கூடாததும் இருக்கு. ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ, அந்த என்ஜினும் உங்கட என்ஜின்ர வயசுதான், அதின்ர ஈஜிஆர் கூலரிலயும் அதே கரிதான் இருக்கும். கூலரைக் கழட்டி ஒரு பக்கத்தால லைட் அடிச்சு மறுபக்கத்தால பாருங்கோ, வெளிச்சம் வராட்டி அந்த என்ஜினுக்கும் இதே பழுது வழியில வந்துகொண்டிருக்கு. எண்ணெய் மூடியைக் கழட்டி உள்ளுக்குப் பாருங்கோ, கறுத்துப் பிசின் பிடிச்சிருந்தால் வேண்டாம், இந்த என்ஜின்ல பிஸ்டன் ரிங் அடைச்சு எண்ணெய் குடிக்கிற பிரச்சினையும் உண்டு. பில்லில என்ஜின் நம்பர் எழுதி வாங்குங்கோ, செக்கிங் வொறண்டி எண்டு சில நாள் தருவாங்கள், அது பூட்டி ஓட்டிப் பார்க்கிற நாளில இருந்து எண்டு எழுதச் சொல்லுங்கோ, வாங்கின நாளில இருந்து எண்டால் கராஜ்ல கிடக்கேக்கயே முடிஞ்சுபோடும்.

அந்த நம்பர் விஷயத்தைச் சின்னனா நினைக்காதேங்கோ. சிஆர் எண்ட வாகனப் பதிவுப் புத்தகத்தில என்ஜின் நம்பர் இருக்கு. என்ஜின் மாத்தினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில அதை மாத்திப் பதிய வேணும், அதுக்கு என்ஜின் எங்க இருந்து வந்தது எண்டு காட்டுற கடதாசி கேப்பாங்கள், அதை விக்கிற கடையிட்ட அண்டைக்கே வாங்காட்டி பிறகு கிடைக்காது. உங்கட கார் லீசிங்கில எண்டு எழுதியிருக்கிறீங்கள், அப்ப முழு உரிமை லீசிங் கொம்பனியின்ர பேரில, அவங்கட எழுத்துச் சம்மதமும் வேணும். இதைச் செய்யாமல் ஓடுற ஆக்கள் இருக்கிறாங்கள், விக்கப் போற நாளிலயோ விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேக்கிற நாளிலயோதான் பிடிபடும்.

இப்பிடியே வித்துத் தப்புறது எண்ட யோசனை எனக்குப் பிடிக்கேல்ல. யூடியூப்பில அமெரிக்காக்காரன் இந்தக் காரை கஸ்கட் போனதும் உடைசலுக்குக் குடுக்கிறதைப் பார்த்திருப்பீங்கள், அங்க கார் மலிவு, மெக்கானிக்கின்ர கூலி விலை. இங்க 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திறந்தது, அதுக்குள்ள 2022ல ரூபாயும் விழுந்தது, அதால பத்துப் பன்ரெண்டு வருசம் ஓடின பிரியஸுக்கும் அரைக் கோடிக்கு மேல விலை நிக்குது. என்ஜின் நிண்ட கார் எண்டதும் வாங்குற ஆள் செய்யிற செலவை மட்டும் கழிக்கமாட்டான், உங்கட அவசரத்தையும் சேர்த்துக் கழிப்பான். லீசிங் கட்ட வேண்டிய மிச்சக் காசை விடக் குறைய வந்தால் காரும் இல்லாமல் கடனும் கட்டிக்கொண்டு இருப்பீங்கள். செய்து ஓடுங்கோ, விக்கிறதெண்டால் ஓடுற நிலையில, என்ன செய்தது எண்ட பில்லோட வில்லுங்கோ.

செய்யிறதோ மாத்திறதோ, எதெண்டாலும் ஈஜிஆர் கூலரையும் வால்வையும் இன்டேக் மனிஃபோல்டையும் கழட்டிக் கழுவாமல் என்ஜினை மூட விடாதேங்கோ. இதைச் செய்யாமல் கஸ்கட் மட்டும் மாத்தினபடியாத்தான் ஒரே கார் ரெண்டாம் தரமும் கராஜுக்கு வாறது. வோட்டர் பம்பும் தேர்மோஸ்டாட்டும் அந்த நேரமே புதுசு போடுங்கோ. கூலன்ட் டொயோட்டாவின்ர ரோஸ் நிறத்தது, காத்து நிக்காமல் எடுத்து நிரப்ப வேணும், பைப் தண்ணி ஒரு சொட்டும் வேண்டாம். எண்ணெய் 0டபிள்யூ-20, ஃபில்டரோட 4.2 லீற்றர் பிடிக்கும், நாலு லீற்றர் கானை ஊத்தி விட்டு முடிஞ்சுது எண்டு நிக்காமல் டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்லுங்கோ. பழைய கஸ்கட், பழைய போல்ட், கழட்டின சாமான் எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு வீட்ட கொண்டு போங்கோ, விசாரணை முடியும் வரைக்கும் எறிய வேண்டாம். கராஜ் பில்லிலயும் செய்த வேலை ஒவ்வொண்டையும் தனித்தனிய எழுதச் சொல்லுங்கோ, சேவைக்கும் அதே சட்டத்தில வேலை முடிஞ்ச நாளில இருந்து மூண்டு மாசம் முறைப்பாட்டுக் காலம் இருக்கு.

முதல்ல ஸ்கான் எடுங்கோ, கோட், ஃபிரீஸ் ஃபிரேம், அழிச்ச பிறகு ஓடின தூரம் மூண்டையும் வாங்கின அண்டைக்கு மீற்றர் எவ்வளவு எண்டதோட சேர்த்துப் போடுங்கோ, பார்த்துச் சொல்லுறன். வொறண்டிக் கடிதத்தைப் போடுறதெண்டால் கார் சேல்ர பேரையும் உங்கட அடையாள அட்டை நம்பரையும் மறைச்சுப் போடுங்கோ.